கணினியின் முகப்பும் கைப்பழக்கமும்

வெளிமாநிலத்தில் குடியேறும் தமிழ்க் குடும்பம் வாடகை வீட்டுக்குள் நுழைந்ததும் என்ன செய்கிறது என்பதை நேயர்கள் அறிவார்கள். வீடு எந்த ஊர் முறைப்படி கட்டப்பட்டிருப்பினும், அரிசிக்கு ஓர் இடம், அஞ்சறைப்பெட்டிக்கு ஓர் இடம், காப்பி ஃபில்டருக்கு ஓர் இடம், தினக் காலண்டருக்கு ஓர் ஆணி என்று அது ஒழுங்கு செய்துகொள்கிறது. சில நாட்கள் சென்றபின், மின்சாரம் நின்றுவிட்ட இரவிலும் கையை நீட்டினால் தீப்பெட்டி அகப்படுகிறது. சுவர் வீட்டுக்காரருடையது, ஒழுங்கு நம்முடையது.

இன்று நம் வீடுகளில் இடம்பெற்றுவிட்ட கணினியும் இத்தகையதே. அதைச் செய்தளிக்கும் நிறுவனத்தார் அதன் திரையை எல்லா நாட்டாருக்கும், எல்லா வயதினருக்கும், எல்லாத் தொழிலினருக்கும் பொதுவாக அமைத்து அனுப்புகின்றனர். எல்லாருக்கும் பொதுவானது எவருக்கும் முற்றும் பொருந்துவதில்லை. ஆயினும் அத்திரையை மாற்றிக்கொள்ளும் வழிகளையும் அவர்கள் அதனுள்ளேயே வைத்திருக்கின்றனர். பலர் இதனை அறியார். அறிந்தவருள்ளும் பலர், படத்தையும் நிறத்தையும் மாற்றி மகிழும் பிள்ளை விளையாட்டு என்று கருதி விட்டுவிடுகின்றனர். ஒருவர் தம் காரியத்தைத் தாமே முடித்துக்கொள்வதும் பிறர் வரவுக்காகக் காத்திருப்பதும் இந்த ஒழுங்கைப் பொறுத்தே பெரும்பாலும் அமைகின்றன என்பதே இவ்வுரையில் நாம் விளக்க முற்படுவது.

இதில் உள்ள நன்மை தீமை சிறிதன்று. ரயில் பயணச் சீட்டு, வங்கிக் கணக்கு, மின்கட்டணம், மருத்துவரைக் காண நேரம் பெறுதல் ஆகிய யாவும் திரைக்கு வந்துவிட்டன. ஓய்வூதியம் பெறுவோர் ஆண்டுதோறும் அளிக்கவேண்டிய வாழ்வுச் சான்றிதழை மின்னணு முறையில் அனுப்பும் திட்டத்தை மத்திய அரசு 2014 நவம்பரில் தொடங்கியது. மகன் ஒரு நகரிலும் மகள் வேறொரு நாட்டிலும் இருக்க, முதியவர்கள் தனித்திருக்கும் வீடுகள் நம்மிடையே பல உள. திரை விளங்காதபோது அவர்கள் அண்டை வீட்டாரையோ கடைக்காரரையோ நாடுகின்றனர். அப்பொழுது கடவுச்சொல் வாய்மொழியாக வெளிப்படுகிறது. தொலைபேசிக்கு வரும் இரகசிய எண்ணும் பிறர் கண்ணில் படுகிறது. திரையில் எது எப்போதும் இருப்பது, எது புதிதாக முளைத்தது என்று பிரித்தறிய இயலாதவரே போலி எச்சரிக்கைகளுக்கு எளிதில் இரையாகின்றனர். தம் திரையின் ஒழுங்கை நன்கறிந்தவர், அந்நியமான ஒன்று தோன்றியவுடன் ஐயுறுவர்.

‘பழையதையே பிடித்துக்கொண்டிருப்பது அறிவீனம், புதியதைக் கற்றுக்கொள்ள வேண்டியதுதானே’ என்று இளைஞர் சிலர் கேட்கலாம். ஆனால் கணினியை ஆக்கியவர்களே மக்களின் பழக்கத்தை நம்பித்தான் அதனை ஆக்கினர் என்பது வரலாறு. முதலில் விசைப்பலகையைப் பார்ப்போம். ஊரில் ஒரு பயிற்சி நிலையத்தில் தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்று, அந்தச் சான்றிதழையே துணையாகக் கொண்டு டில்லிக்கும் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் ரயிலேறிய தலைமுறையை நாம் மறக்கவில்லை. அவர்கள் விரல்கள் அறிந்த ஆங்கில எழுத்து வரிசை, அமெரிக்காவில் ரெமிங்டன் நிறுவனம் 1874-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த தட்டச்சுப் பொறியின் வழிவந்தது. தட்டச்சுப் பொறி மறைந்தது. அவ்வரிசை கணினியிலும் நிலைத்தது. கணினிக்கு அவ்வரிசைதான் வேண்டும் என்பதில்லை. கோடிக்கணக்கான விரல்களில் அது பதிந்திருந்தது என்பதே காரணம்.

திரையின் கதையும் அதுவே. 1968 டிசம்பரில் டக்ளஸ் எங்கல்பார்ட் என்ற அறிஞர் சான் பிரான்சிஸ்கோ நகரில், கையால் நகர்த்தும் சுட்டெலியைப் பலரறிய இயக்கிக் காட்டினார். அதன்பின் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தார் 1973-இல் ஆல்ட்டோ என்ற கணினியையும், அந்நிறுவனத்தார் 1981-இல் ஸ்டார் என்ற கணினியையும் அமைத்தனர். ஸ்டார் கணினியின் திரை ஓர் அலுவலக மேசையைப் போல் வரையப்பட்டது. தாள்கள், அவற்றை வைக்கும் உறைகள், கோப்பு அலமாரி, தபால் வரும் தட்டு, தபால் செல்லும் தட்டு ஆகியவை சிறு படங்களாக அதில் அமைந்தன. அலுவலகத்தில் பணியாற்றுவோர் முன்பே அறிந்த பொருள்களைக் கொண்டு அறியாத இயந்திரத்தை அவர்களுக்கு அறிமுகம் செய்யும் உபாயம் இது. 1984-இல் வந்த மக்கின்டாஷும், 1995-இல் வந்த விண்டோசும் இவ்வழியையே பின்பற்றிப் பரப்பின. ஆகவே, பழக்கத்துக்கு இணங்கத் திரையை அமைத்துக்கொள்வது கணினியின் இயல்புக்கு மாறானதன்று. அதன் பிறப்பிலேயே உள்ள நெறி.

இந்நெறி மீறப்பட்டபோது நிகழ்ந்ததும் நமக்கு ஒரு பாடம். 1995 முதல் விண்டோசில் திரையின் இடக் கீழ் மூலையில் தொடக்கப் பொத்தான் ஒன்று இருந்துவந்தது. அதை அழுத்தினால் எல்லாச் செயலிகளின் பட்டியலும் எழும். 2012 அக்டோபரில் வெளியான விண்டோஸ் 8 அப்பொத்தானை நீக்கிவிட்டு, தொடுதிரைக்கு ஏற்ற வண்ணக் கட்டங்களைத் திரை முழுவதும் பரப்பியது. பதினேழு ஆண்டுகளாக ஒரு மூலைக்குச் சென்ற கைகள் அங்கே ஒன்றும் காணாமல் திகைத்தன. குறைகூறல் ஓங்கவே, 2013-இல் வந்த 8.1 பதிப்பில் பொத்தானும், 2015-இல் வந்த விண்டோஸ் 10-இல் பட்டியலும் மீண்டன. இடைக்காலத்தில், பழைய பட்டியலைத் திரும்பக் கொணரும் கிளாசிக் ஷெல் என்னும் இலவசச் செயலியைப் பலர் நாடினர். அதன் ஆசிரியர் 2017-இல் பணியை நிறுத்தியபின், ஓப்பன் ஷெல் என்ற பெயரில் பிறர் அதனைத் தொடர்ந்தனர்.

லினக்ஸ் உலகிலும் இவ்வாறே நிகழ்ந்தது. 2011-இல் க்னோம் என்னும் முகப்பு தன் பழைய உருவை முற்றும் மாற்றிக்கொண்டது. பழைய உருவே போதும் என்றிருந்தவர்கள், அதன் நிரல் எவரும் எடுத்தாளத் தக்கதாக இருந்தமையால், அதனின்றே மாட்டே என்ற முகப்பைப் பிரித்தெடுத்துப் பேணலாயினர். தென்னமெரிக்க மக்கள் தேநீர்போல் காய்ச்சி அருந்தும் ஓர் இலையின் பெயரே அதற்கு இடப்பட்டது. பல ஆண்டுகள் சென்றபின்னும் அது புதிய பதிப்புகளைக் கண்டுவருகிறது. பழகிய ஒழுங்கை விரும்புவோர் ஒருசிலர் அல்லர் என்பதற்கு இவ்விரு நிகழ்ச்சிகளும் சான்று.

ஒரு பொருள் இடம் மாறினால் நமக்கு ஏன் இத்துணை இடர்ப்பாடு? நாம் திரையை ஒவ்வொரு முறையும் எழுத்தெண்ணிப் படிப்பதில்லை. எது எங்கே உள்ளது என்பதைக் கண்ணும் கையும் நினைவில் கொண்டிருப்பதால், மனம் காரியத்தில் ஈடுபடுகிறது. இடம் மாறியதும் மனம் காரியத்தை விட்டுத் தேடுதலில் இறங்குகிறது. இங்கே உளவியலார் கண்ட இரு விதிகள் பயன்படும். 1952-இல் பிரிட்டிஷ் அறிஞர் ஹிக், தெரிவுகள் பெருகப் பெருக முடிவு செய்ய ஆகும் நேரமும் வளரும் என்று காட்டினார். 1954-இல் அமெரிக்க அறிஞர் பால் ஃபிட்ஸ், குறி அணித்தாகவும் பெரிதாகவும் இருந்தால் கை அதை விரைவில் சென்றடையும். சேய்மையிலும் சிறிதாகவும் இருந்தால் காலம் நீளும் என்று அளந்து காட்டினார். இவ்விரண்டையும் நம் இல்லத்துக்கு ஏற்பச் சுருக்கிக் கூறினால், குறைத்தல், பெரிதாக்கல், நிலைநிறுத்தல் என்னும் மூன்று கட்டளைகள் கிடைக்கும்.

முதலாவது குறைத்தல். வீட்டிலுள்ள ஒருவர் கணினியில் மெய்யாகச் செய்யும் வேலைகள் யாவை என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தால், அவை பெரும்பாலும் ஐந்தாறில் அடங்கிவிடும்: மக்களோடு முகம் பார்த்துப் பேசுதல், கடிதம், வங்கி, செய்தித்தாள், பாட்டு, புகைப்படங்கள். திரையில் அவற்றுக்குரிய சிறு படங்களை மட்டும் நிறுத்தி, ஏனையவற்றை நீக்கிவிடலாம். முகப்பிலுள்ள குறியை நீக்குவதால் செயலி அழிந்துவிடாது. அது பட்டியலில் இருந்துகொண்டே இருக்கும். கீழ்ப்பட்டையில் தேவையற்ற செய்திக் கட்டங்களையும் அணைத்துவிடலாம். அடிக்கடி எழுந்து மறையும் அறிவிப்புகளில் பல, உலாவியில் ஏதோ ஒரு தளத்துக்கு அறியாமல் அளித்த இசைவால் வருவன. உலாவியின் அமைப்புகளில் அறிவிப்பு என்ற பகுதிக்குச் சென்று அவ்விசைவுகளை நீக்கினால், ‘உங்கள் கணினியில் நோய்க்கிருமி புகுந்துள்ளது’ என்பன போன்ற மிரட்டல்களில் பெரும்பகுதி நின்றுவிடும்.

இரண்டாவது பெரிதாக்கல். நாற்பது வயதைத் தாண்டியபின் அண்மைப் பார்வை தளர்வது இயற்கை. நம் தமிழ் எழுத்துகளோ சுழியும் வளைவும் மிகுந்தவை. ஆங்கில எழுத்துக்குப் போதுமான அளவு அவற்றுக்குப் போதாது. விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ் என்னும் பகுதியில் அக்சஸிபிலிட்டி என்ற பிரிவைத் திறந்தால், எழுத்தை மட்டும் 225 சதவீதம் வரை பெரிதாக்கும் வசதி உண்டு. சுட்டியைப் பெரிதாக்கி, கண்ணுக்கு எடுப்பான நிறம் ஊட்டலும் அங்கேயே இயலும். உலாவியில் கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு கூட்டல் குறியைத் தட்டினால் பக்கம் பெரிதாகும். சுழியைத் தட்டினால் பழைய அளவுக்கு மீளும். கைநடுக்கம் உடையவர்க்கு இருமுறை விரைந்து தட்டுவது பெருந்தொல்லை. இரு தட்டுகளுக்கும் இடையே இயந்திரம் பொறுக்கும் நேரத்தைச் சுட்டெலியின் அமைப்பில் நீட்டலாம். ஒரே தட்டில் திறக்கும்படியும் கோப்புறை அமைப்பில் மாற்றிவிடலாம்.

மூன்றாவது நிலைநிறுத்தல். 2021-இல் வந்த விண்டோஸ் 11, கீழ்ப்பட்டையின் குறிகளை நடுவே கொண்டு வைத்தது. புதிய செயலி ஒன்றைத் திறந்தாலே ஏனைய குறிகள் சற்று நகர்ந்துவிடும். இதை மாற்ற, பட்டையின் அமைப்பில் அலைன்மென்ட் என்பதை இடப்புறம் என்று குறித்தால் போதும். தொடக்கப் பொத்தான் பழைய மூலைக்கு வந்துவிடும். மூலை சிறந்த இடம் என்பதற்குக் காரணமும் உண்டு. சுட்டியை எவ்வளவு வேகமாகத் தள்ளினாலும் அது திரையின் விளிம்பில் நின்றுவிடும். குறி தவறுவதற்கு இடமில்லை. இவ்வாறு ஒருமுறை அமைத்தபின், அடிக்கடி மாற்றாதிருத்தல் வேண்டும். விடுமுறைக்கு வரும் பேரன் ஆர்வத்தால் எல்லாவற்றையும் அழகுபடுத்திவிட்டுப் போவானாயின், பாட்டியார் மறுநாள் முதல் மீண்டும் முதற்பாடம் கற்கவேண்டியவராவார்.

அடுத்து மொழியைப் பற்றிச் சிறிது விரிவாகக் கூறவேண்டும். திரை காட்டும் மொழி வேறு. நாம் எழுதும் மொழி வேறு. இரண்டையும் தனித்தனியே அமைக்கலாம் என்பதைப் பலர் உணர்வதில்லை. விண்டோஸ், லினக்ஸ் ஆகியவற்றில் தமிழ் முகப்பு கிடைக்கிறது. ஆயினும், நாற்பது ஆண்டுகள் அலுவலகத்தில் ஆங்கிலக் கோப்புகளோடு வாழ்ந்த ஒருவருக்கு ‘ஃபைல்’, ‘சேவ்’ என்பனவே பழகிய சொற்களாக இருக்கலாம். அவருக்கு ஆங்கில முகப்பும் தமிழ் எழுதும் வசதியும் போதும். ஆங்கிலமும் இந்தியும் படிக்க அறியாத அம்மையாருக்கோ தமிழ் முகப்பு புதிய கதவைத் திறப்பதாகும். எது எளிது என்பதை அவரவரே சொல்லவேண்டும். நாம் அவருக்காக முடிவு செய்தல் தகாது.

தமிழ் எழுதுவதிலும் பழக்கமே வழிகாட்டி. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழிணையம் மாநாட்டையொட்டி, தமிழ் 99 என்னும் விசைப்பலகை உருவாகி, தமிழக அரசின் ஏற்பைப் பெற்றது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கமும் அமைந்த ஒழுங்கு அது. அதில் ‘அம்மா’ என்று எழுத அ, ம, ம, ஆ என நான்கு விசைகள் போதும்; புள்ளியைக் கணினியே இட்டுக்கொள்ளும். ஆங்கிலத் தட்டச்சில் ஊறிய விரல்களுக்கு, ஒலியை ஆங்கில எழுத்தில் தட்டினால் தமிழில் விழும் முறை எளிதாக இருக்கும். தமிழ்த் தட்டச்சு பயின்றவர்க்கு அப்பழைய ஒழுங்கையே அளிக்கும் அழகி முதலிய செயலிகளும் உண்டு. நீண்ட கடிதமும் கட்டுரையும் எழுத விரும்புவோர் தமிழ் 99 பழகுவது நலம்; அவ்வப்போது இரண்டு வரி எழுதுவோர்க்கு விரல் அறிந்த முறையே மேல்.

ஒரே கணினியைப் பலர் பயன்படுத்தும் வீட்டில் இன்னொரு சிக்கல் எழும். பாட்டியாருக்குத் தமிழும் பெரிய எழுத்தும் வேண்டும். இந்தியோ மராத்தியோ வங்காளமோ பள்ளியில் பயிலும் பேத்திக்கு வேறு ஒழுங்கு வேண்டும். இதற்காகச் சண்டையிட வேண்டுவதில்லை. ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர் கணக்கு அமைத்துவிட்டால், அவரவர் மொழி, எழுத்தளவு, குறிகள் யாவும் அவரவர்க்கே உரியனவாக நிற்கும். அக்கணக்குகளை நிர்வாகி உரிமையற்ற சாதாரணக் கணக்குகளாக அமைத்தால், நிர்வாகியின் கடவுச்சொல் இன்றி இயந்திரம் முழுவதையும் பாதிக்கும் மாறுதல்கள் நுழையா; அதுவும் ஒரு காவல். ஆனால் இதை முதியவருக்குச் சொல்லி, அவர் இசைவோடு செய்யவேண்டும். தம் பொருளுக்குத் தாமே அந்நியராக்கப்பட்டோம் என்ற எண்ணம் அவருக்கு வருமாயின், வசதி எவ்வளவு இருந்தும் பயனில்லை.

சில எச்சரிக்கைகளையும் கூறுதல் கடமை. பழகியது என்பதற்காகக் காலாவதியான பதிப்பிலேயே நின்றுவிடுதல் ஆபத்து. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரிலும் நிறுவனத்தின் வழக்கமான பாதுகாப்பு ஆதரவு முடிவுற்றது. அத்தகைய இயந்திரத்தில் வங்கிக் காரியம் செய்வது பூட்டுப் பழுதான கதவுக்குப் பின் பொருள் வைப்பதை ஒக்கும். புதிய பதிப்பை ஏற்று, அதற்குப் பழகிய ஒழுங்கை அளிப்பதே முறை. பழைய கணினி புதிய விண்டோசை ஏலாதாயின், மாட்டே போன்ற முகப்புடைய லினக்ஸ் ஒன்றை நிறுவி, அதனைப் பழைய விண்டோசின் சாயலில் அமைத்துக்கொள்ளலாம். முகப்பை மாற்றும் செயலிகளை அவற்றை ஆக்கியவர்களின் சொந்தத் தளத்திலிருந்து மட்டுமே பெறவேண்டும்.

தொலைவிலுள்ள மக்களின் உதவியையும் எண்ணிப் பார்க்கவேண்டும். புனாவிலிருந்து மகள் தொலைபேசியில், ‘இடக் கீழ் மூலையை அழுத்துங்கள், அப்பா’ என்று கூறுகையில், அம்மூலையில் வேறொன்று இருந்தால் குழப்பமே மிஞ்சும். முகப்பு தமிழில் இருக்க, மகள் ஆங்கிலப் பெயர்களையே அறிந்திருந்தாலும் அவ்வாறே. ஆகவே, அமைத்து முடித்தவுடன் திரையைப் படம் பிடித்து இருவரும் ஒரு படி வைத்துக்கொள்ள வேண்டும். எந்தக் குறி எதற்கு என்று முதியவர் தம் கையாலேயே ஒரு தாளில் எழுதி, மேசையருகே ஒட்டிக்கொள்வது மிக நன்று. கடவுச்சொற்களை மட்டும் அத்தாளில் எழுதலாகாது.

இவ்வளவும் செய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல் போதும். உதவுபவர் நாற்காலியில் அமர்ந்து, முதியவரை அருகே நிற்கவைத்தல் வழக்கமாக உள்ளது. அதை மாற்றி, அவரையே நாற்காலியில் அமர்த்தவேண்டும். சுட்டெலி அவர் கையில் இருக்கட்டும். ‘இது எங்கே இருந்தால் உங்களுக்கு எளிது?’ என்று கேட்டு, அவர் சொல்லும் இடத்தில் அவரே வைக்கட்டும். அவர் தேர்ந்த இடம் நமக்கு விந்தையாகத் தோன்றலாம். மறுநாள் காலையில் எவரையும் அழைக்காமல் தம் வங்கிக் கணக்கைத் தாமே திறந்து பார்த்துவிட்டாராயின், அவ்விடமே சரியான இடம்.